திமிலோடு பிறந்த விமானம்

1965-இல் போயிங் நிறுவனத்தில் கெட்டிக்காரப் பொறியாளர்கள் எல்லோரும் இடம் பிடிக்கப் பார்த்தது ஒரே பிரிவில்தான். ஒலியை முந்திப் பறக்கும் பயணிகள் விமானத்தை வரைந்துகொண்டிருந்த பிரிவு அது. அரசாங்கப் பணமும் பத்திரிகைகளின் கவனமும் அங்கேதான் குவிந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில், விடுமுறையில் இருந்த ஜோ சட்டர் என்ற பொறியாளருக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெரிய அளவில் ஒரு சாதாரண வேக விமானம் செய்ய வேண்டும், பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டார்கள். இரண்டாம்தர வேலை என்று மற்றவர்கள் ஒதுக்கியதைச் சட்டர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதுதான் பிற்பாடு உலகம் ஜம்போ என்று கூப்பிட்ட போயிங் 747.

பெரிய விமானம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் பான் ஆம் விமானச் சேவை நிறுவனத்தின் தலைவர் ஹுவான் டிரிப். அறுபதுகளில் விமான நிலையங்கள் நிரம்பி வழிந்தன. ஒரே விமானத்தில் அப்போதைய போயிங் 707-ஐப் போல இரண்டரை மடங்கு ஆட்களை ஏற்றினால் நெரிசலும் குறையும், தலைக்கு ஆகும் செலவும் இறங்கும் என்பது அவர் கணக்கு. கனவு நிறைவேற வழிவிட்டது என்ஜின். ராட்சத ராணுவச் சரக்கு விமானம் ஒன்றுக்காக அமெரிக்க விமானப்படை நடத்திய போட்டியில் போயிங் தோற்று, ஒப்பந்தம் லாக்ஹீடுக்குப் போயிருந்தது. ஆனால் அந்தப் போட்டியால் புதுவகை என்ஜின் பிறந்துவிட்டது. முன்னால் பெரிய விசிறி, உள்ளே வரும் காற்றில் பெரும்பகுதி எரியும் அறைக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு பின்னால் பீய்ச்சும். எரிபொருள் குறைவு, விசை அதிகம். 747-இன் வடிவம் தோற்ற அந்த வரைபடத்திலிருந்து வந்தது என்று பலர் எழுதுவார்கள். சட்டர் கடைசிவரை அதை மறுத்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவ விமானத்தின் இறக்கை உடலின் உச்சியில் இருந்தது, இதில் கீழே.

போயிங் தலைவர் பில் ஆலனும் டிரிப்பும் "நீங்கள் செய்தால் நான் வாங்குகிறேன்", "நீங்கள் வாங்கினால் நான் செய்கிறேன்" என்று பேசி முடித்ததாக ஒரு கதை உண்டு. 1966 ஏப்ரலில் பான் ஆம் 25 விமானங்களுக்கு 52.5 கோடி டாலர் விலையில் ஒப்பந்தம் போட்டது. அன்றைக்கு முழு வரைபடம் கிடையாது, தகுந்த என்ஜின் கிடையாது, அவ்வளவு பெரிய விமானத்தை நிறுத்தி வேலை செய்ய ஒரு கூரைகூடக் கிடையாது. கெடு மட்டும் இருந்தது: 1969-க்குள் விமானம் கைக்கு வர வேண்டும்.

டிரிப் மனத்தில் இருந்தது இரண்டு மாடி விமானம். கப்பலில் வளர்ந்த தலைமுறைக்கு அப்படித்தான் தோன்றும். சட்டருக்கு அது பிடிக்கவில்லை. தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்களை மளமளவென்று எப்படி இறக்குவது? சரக்கை எங்கே வைப்பது? இரண்டாவது கேள்வி முக்கியமானது. ஏனென்றால் ஒலியை முந்தும் விமானங்கள் வந்ததும் பயணிகள் அங்கே தாவிவிடுவார்கள், 747 சரக்கு வண்டியாகிவிடும் என்று போயிங்கும் பான் ஆமும் நம்பின. ஆகவே எட்டடிக்கு எட்டடி கன்டெய்னர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். உள்ளகலம் 20 அடி வந்தது. இரண்டு நடைபாதையோடு வரிசைக்குப் பத்துப் பேர் உட்காரலாம்.

இரண்டு மாடி இல்லை என்று டிரிப்பிடம் போய்ச் சொல்ல வேண்டுமே! பயணிகள் அறை வடிவமைப்பில் தேர்ந்த மில்ட் ஹைன்மன் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். அவர் கையில் 20 அடி நீளத்துக்கு ஒரு துணிக்கயிறு. பான் ஆமின் கூட்ட அறையில் அதை இழுத்துப் பிடித்துக் காட்டினார். கயிறு சுவருக்குச் சுவர் தொட்டது. இவ்வளவு அகலமான அறையா பறக்கப் போகிறது என்று அங்கே இருந்தவர்கள் அசந்துபோனார்கள். வரைபடம் செய்ய முடியாததைக் கயிறு செய்தது; இரண்டு மாடிப் பேச்சு அதன்பின் மெல்ல அடங்கியது.

747-இன் முன்முதுகில் தெரியும் திமிலும் சரக்கின் கைங்கரியம்தான். மூக்கைத் தூக்கித் திறந்து கன்டெய்னரை நேராக உள்ளே தள்ள வேண்டுமென்றால் விமானிகள் நடுவே உட்காரக் கூடாது. அவர்களை மேலே ஏற்றினார்கள். அங்கே கூரை சட்டென்று முடிந்தால் காற்று தடைப்படும். பின்னோக்கிச் சரித்து இழுத்தார்கள். விமானி அறைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் மிஞ்சியது. மாதிரியைப் பார்க்க வந்த டிரிப், இது எதற்கு என்று கேட்டார். விமானிகள் இளைப்பாற என்று பதில் வந்தது. அதெல்லாம் வேண்டாம், பயணிகளுக்குக் கொடுங்கள் என்றார். சுழல் படிக்கட்டும் மதுக்கூடமும் அப்படித்தான் வந்தன. அவர் கேட்ட மேல்மாடியில் ஒரு துண்டு அவருக்குக் கிடைத்துவிட்டது என்றும் சொல்லலாம்.

சியாட்டிலுக்கு வடக்கே எவரெட்டில் 780 ஏக்கர் காட்டு நிலம் வாங்கி ஆலை கட்டினார்கள். கொள்ளளவில் உலகிலேயே பெரிய கட்டடம். கூரை வேய்ந்து முடிவதற்குள் கீழே விமானத்தின் முழு அளவு மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. பணம் தண்ணீராய்ச் செலவானது. ஆயிரம் பொறியாளர்களைக் குறை என்று மேலிடம் சொன்னபோது, எனக்கு இன்னும் எண்ணூறு பேர் வேண்டும் என்று தலைவர் முன்னாலேயே சொன்னவர் சட்டர். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாராம். போகவில்லை.

அந்த ஆட்கள் எதற்கு என்பது விமானத்தின் உள்ளே தெரியும். ஒன்று பழுதானால் இன்னொன்று என்பதோடு சட்டர் நிற்கவில்லை. திசைதிருப்பும் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு நான்கு. பிரதான சக்கரத் தொகுதி நான்கு, அதில் இரண்டு இறங்காவிட்டாலும் தரையிறங்கலாம். வால் சுக்கானும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இதனால் எடை ஏறியது, விற்பனைக்காரர்கள் முனகினார்கள். இவ்வளவு பேரை ஏற்றும் விமானத்தில் எடையைப் பார்த்து எதைக் கழிப்பது என்று சட்டர் விட்டுக்கொடுக்கவில்லை.

வெளித்தெரிந்த தலைவலி என்ஜின். பிராட் அண்ட் விட்னியின் ஜே.டி.9.டி, 707-இன் என்ஜினைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை தந்தது. முழு விசையில் அதன் வட்ட உறை லேசாக நசுங்கி முட்டை வடிவம் எடுத்தது. உள்ளே சுழலும் இதழ்களுக்கும் உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய நூலளவு இடைவெளி ஓரிடத்தில் இறுகியது, ஓரிடத்தில் அகன்றது. என்ஜின் வெடிபோல் சத்தம் போட்டுத் திணறியது. என்ஜினைத் தாங்கும் சட்டத்தை மாற்றியமைத்துச் சரிசெய்வதற்குள் எவரெட்டில் முடிந்த விமானங்கள் வரிசையாக நின்றுவிட்டன. என்ஜின் இல்லாத இறக்கைகள் சமநிலை இழக்காமல் இருக்கக் கான்கிரீட் பாளங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

முதல் விமானம் 1968 செப்டம்பர் 30 அன்று வெளியே வந்தது. மூன்று மாடி உயரத்தில் உட்கார்ந்து தரையில் ஓட்டிப் பழக்கமில்லாததால், லாரிமேல் கால்கள் நட்டு உச்சியில் ஒரு போலி விமானி அறையை வைத்துப் பயிற்சி எடுத்தார்கள். 1969 பிப்ரவரி 9 அன்று ஜாக் வாடெல், பிரியன் வைகிள், ஜெஸ் வாலிக் மூவரும் அதைப் பறக்கவைத்தார்கள். இறக்கையின் ஃப்ளாப் ஒன்று தளர்ந்ததால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கினார்கள். 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் பயணிகள் சேவை. அன்றைக்கும் ஓர் என்ஜின் சூடாகி, வேறு விமானம் மாற்றிப் பல மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பினார்கள்.

அப்போது பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. இருக்கைகள் காலியாகப் போயின. போயிங்கின் கடன் கழுத்தை நெரித்தது, சியாட்டில் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த அதன் வேலையாட்கள் நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கினார்கள். சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று 1971-இல் சாலையோரம் ஒரு விளம்பரப் பலகை நின்றது. அதற்குச் சற்று முன்புதான், எதிர்காலம் என்று எல்லோரும் நம்பிய போயிங்கின் அதிவேக விமானத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியிருந்தது. ஒன்றுகூடப் பறக்காமல் அது முடிந்தது.

இடைக்காலத்துக்கென்று செய்த விமானம்தான் மிஞ்சியது. பயணிகள் அதைவிட்டு எங்கும் தாவவில்லை. ஏர் இந்தியா அதே 1971-இல் 'எம்பரர் அசோகா' என்ற 747-ஐக் கொண்டுவந்தது. கடல் கடந்து போவது என்றாலே ஜம்போ என்று நம் ஊரிலும் ஆனது. கேட்டு வாங்கிய பான் ஆமுக்குத்தான் கொடுப்பினை இல்லை. எண்ணெய் விலை ஏற்றமும் காலி இருக்கைகளும் அரித்து அரித்து 1991 டிசம்பரில் அது இழுத்து மூடப்பட்டது. போயிங் செய்த 747-கள் மொத்தம் 1,574. கடைசி விமானம் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் நிறுவனத்துக்குப் போனது. அது சரக்கு விமானம். மூக்கு மேலே தூக்கித் திறக்கும்.