பினாங்குத் தெருவோர உணவு

பினாங்குத் தெருவோர உணவு என்பது, தீபகற்ப மலேசியாவின் வடமேற்குக் கரையை அடுத்து மலாக்கா நீரிணையில் அமைந்துள்ள பினாங்குத் தீவில், தள்ளுவண்டிகளிலும் சாலையோர அங்காடிகளிலும் காப்பிக்கடைகளிலும் சமைத்து விற்கப்படும் உணவு வகைகளைக் குறிக்கும். மலாய், சீன, தமிழ், தாய்லாந்து, இந்தோனேசியச் சமையல் முறைகள் ஒன்றோடொன்று கலந்து உருவானமை இவ்வுணவுகளின் சிறப்பியல்பாகும். நாசி கண்டார், பசம்பூர், மீ கோரெங் முதலிய உணவுகளின் தோற்றத்தில் தமிழ் முஸ்லிம்களுக்கு முதன்மையான பங்கு உண்டு.

வரலாறு

1786 ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பில் பினாங்குத் தீவைக் கைப்பற்றி, அங்கு ஜார்ஜ் டவுன் நகரை நிறுவினார். அது சுங்கவரி இல்லாத துறைமுகமாக இருந்ததால் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறினர். தென்சீனாவிலிருந்து ஹொக்கியன், தியோச்சு, கன்டோனிய மக்களும், சுமாத்திராவிலிருந்து ஆச்சே மக்களும், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழரும் வந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அக்காலத்தில் "சூலியா" என அழைக்கப்பட்டனர். நகரின் சூலியா தெரு இப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இத்தெருவுக்கு அருகில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801 ஆம் ஆண்டிலும், அதே வட்டாரத்தில் உள்ள மகாமாரியம்மன் கோயில் 1833 ஆம் ஆண்டிலும் தோன்றின.

துறைமுகத்திலும் கிடங்குகளிலும் உழைத்தவர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். நெருக்கமான விடுதிகளில் தங்கிய அவர்களுக்குச் சமைக்க இடமோ நேரமோ இருக்கவில்லை. மலிவானதும் விரைவில் வயிற்றை நிரப்புவதுமான உணவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. இத்தேவையே தெருவோர உணவு வணிகத்துக்கு அடிப்படையாக அமைந்தது.

தமிழர் வழி வந்த உணவுகள்

நாசி கண்டார்: மலாய் மொழியில் "நாசி" என்பது சோற்றையும், "கண்டார்" என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டையும் குறிக்கும். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானையையும் மறுமுனையில் குழம்புப் பானையையும் தொங்கவிட்டுக் கொண்டு, அதிகாலையில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றனர். காலப்போக்கில் தண்டு மறைந்து கடைகள் தோன்றினாலும் பெயர் நிலைத்துவிட்டது. மீன், கோழி, ஆடு, கணவாய் முதலியவற்றின் குழம்புகள் பலவற்றை ஒரே தட்டில் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவது இதன் தனித்தன்மை ஆகும். குழம்பு நிறைய வேண்டுவோர் "பஞ்சிர்" (வெள்ளம்) என்று கேட்பர்.

மீ கோரெங்: "கோரெங்" என்றால் வறுத்தல் அல்லது பொரித்தல். சீனர் செய்யும் மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்சை, தமிழ் முஸ்லிம்கள் மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டை ஆகியவற்றுடன் வறுத்து உருவாக்கியது இது. எனவே இதனைச் சீன உணவு என்றோ இந்திய உணவு என்றோ தனித்துப் பிரிக்க இயலாது.

பசம்பூர்: துருவிய வெள்ளரிக்காய், அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, சோயாக் கட்டி, இறால் வடை ஆகியவற்றின் மேல் இனிப்பும் காரமும் கலந்த கெட்டியான குழம்பை ஊற்றித் தருவர். மலேசியாவின் பிற பகுதிகளில் இது ரோஜாக் மாமாக் எனப்படுகிறது. "மாமாக்" என்பது "மாமா" என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்களையும் அவர்களது கடைகளையும் குறிக்க இச்சொல் வழங்குகிறது.

ரொட்டி சானாய்: தமிழ்நாட்டின் பரோட்டாவை ஒத்தது. "சானாய்" என்பது சென்னையைக் குறிக்கும் என்றும், மாவை மெல்லியதாகத் தட்டுதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்றும் இரு கருத்துகள் உள்ளன. சிங்கப்பூரில் இதனை ரொட்டி பராட்டா என்பர்.

இவை தவிர, அப்பம் "அப்போம்" என்ற பெயரிலும், இடியாப்பம் "புத்து மாயாம்" என்ற பெயரிலும் கிடைக்கின்றன. இடியாப்பத்தைத் தேங்காய்த் துருவலுடனும் வெல்லத்துடனும் உண்பர்.

பிற உணவுகள்

அசாம் லக்சா: "அசாம்" என்பது புளிப்பைக் குறிக்கும். அயிலை போன்ற மீனை வேகவைத்து உதிர்த்துப் புளிக் கரைசலில் கொதிக்கவிட்டு, தடித்த அரிசி நூடுல்சின் மேல் ஊற்றுவர். புதினா, அன்னாசி, வெங்காயம், இறால் விழுது ஆகியன மேலே இடப்படும். இதற்குப் பயன்படும் அசாம் கெலுகோர் என்னும் காய், குடம்புளியின் பேரினத்தைச் சேர்ந்தது.

சார் குவே தியாவ்: பட்டையான அரிசி நூடுல்சை இறால், மட்டி, முளைவிட்ட பயறு, முட்டை ஆகியவற்றுடன் கடும் தீயில் சில நிமிடங்களில் வதக்கித் தருவது. விறகுக்கரி அடுப்பில் சமைப்பதே சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர்.

ஹொக்கியன் மீ: இறால் தலை, ஓடு, பன்றி எலும்பு ஆகியவற்றைக் கொதிக்க வைத்த சாற்றில் பரிமாறப்படும் நூடுல்ஸ். கோலாலம்பூரில் இதே பெயர் கருநிறத்தில் வறுத்த வேறோர் உணவைக் குறிக்கும்.

செண்டோல்: பாண்டான் (ரம்பை) இலைச் சாற்றால் பச்சை நிறமூட்டிய மாவு இழைகளைத் தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, துருவிய பனிக்கட்டி ஆகியவற்றுடன் சேர்த்துத் தரும் குளிர்பண்டம்.

உண்ணும் முறையும் பயணிகளும்

காப்பிக்கடை ஒன்றின் உள்ளே பல வணிகர்கள் தனித்தனி அங்காடிகளை வாடகைக்கு எடுத்து நடத்துவது வழக்கம். உண்பவர் விரும்பிய அங்காடியில் சொல்லிவிட்டு மேசையில் அமர்ந்தால் உணவு அங்கு வந்து சேரும். பணம் பெரும்பாலும் அப்போதே கொடுக்கப்படும். குடிவகைகளைக் கடை உரிமையாளரே விற்பார். காலையில் ஓர் அங்காடி இருக்கும் இடத்தில் மாலையில் வேறோர் அங்காடி இருப்பதும் உண்டு. கர்னி டிரைவ் கடற்கரைச் சாலை, சூலியா தெரு, கிம்பர்லி தெரு, ஆயர் ஈத்தாம் ஆகியன பயணிகள் மிகுதியாக நாடும் இடங்களாகும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் சைவ உணவினர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். காய்கறி உணவு போலத் தோன்றுவனவற்றிலும் இறால் விழுது கலந்திருக்கலாம். சீன அங்காடிகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு பயன்படுகிறது. மாமாக் கடைகள் ஹலால் முறையைப் பின்பற்றுபவை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் நடைபெறும் ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய சைவ அங்காடிகள் பெருகும். தைப்பூசத்தின்போது தண்ணீர்ப்பந்தல்களில் சைவ உணவு இலவசமாக வழங்கப்படுகிறது.

அங்கீகாரம்

2008 ஆம் ஆண்டு சூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்கா நகருடன் சேர்த்து யுனெசுக்கோ உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டது. மிச்செலின் உணவுக் கையேட்டின் கோலாலம்பூர், பினாங்குப் பதிப்பு 2022 ஆம் ஆண்டு திசம்பரில் முதன்முறையாக வெளிவந்தது. தெருவோர அங்காடிகள் சிலவும் அதில் இடம்பெற்றன. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 ஆம் ஆண்டிலும், நாசி லெமாக், ரொட்டி சானாய் உள்ளிட்ட மலேசியக் காலை உணவுப் பண்பாடு 2024 ஆம் ஆண்டிலும் யுனெசுக்கோவின் புலப்படா மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மரபுத் தொடர்ச்சி

இவ்வுணவுகளின் புகழ் வளர்ந்துள்ள போதிலும் அவற்றைச் சமைப்போர் தொடர்வார்களா என்பது கேள்விக்குரியதாக உள்ளது. அதிகாலையில் எழுந்து அடுப்பின் முன் நாள் முழுதும் நிற்கவேண்டிய இத்தொழிலை, கல்வி பெற்ற பிள்ளைகள் பலர் ஏற்க விரும்புவதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நீக்கம் 2000 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், பழைய நகரில் வாடகை உயர்ந்து குடியிருப்போர் பலர் வெளியேறினர். அன்றாடம் உண்ட உள்ளூர் வாடிக்கையாளர்கள் இதனால் குறைந்தனர்.

ஆள் பற்றாக்குறையால் அங்காடிக்காரர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சமையலில் ஈடுபடுத்தத் தொடங்கினர். சுவை மாறிவிடும் என்ற கவலையால், அங்காடிகளில் குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைப்பதற்கு 2016 ஆம் ஆண்டு சனவரி முதல் தடை விதிக்கப்பட்டது. பரிமாறுதல், துப்புரவு போன்ற துணைப் பணிகளுக்கு இத்தடை பொருந்தவில்லை. மரபைக் காக்க இது தேவை என்பது ஆதரிப்போரின் வாதம். சுவையைத் தீர்மானிப்பது பயிற்சியே அன்றிக் குடியுரிமை அன்று என்பது எதிர்ப்போரின் வாதம். காவடித் தண்டில் சோறு சுமந்த தமிழரும், தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்ற சீனரும் தம் காலத்தில் இத்தீவுக்கு வெளிநாட்டவராக வந்தவர்களே என்பது இவ்விவாதத்தில் கருத்தில் கொள்ளத்தக்கது.