தொப்புள்கொடி சொன்ன சாட்சி

1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சி சுட்டுக்கொன்ற 12 ஆலைத் தொழிலாளர்களைப் புதுச்சேரி மறக்கவில்லை. கருவில் இறங்கும் ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் குண்டுச் சத்தம் இல்லை. வரலாற்றில் இடமும் இல்லை.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் ஆலைக்கழிவின் பாதரசத்தால் வந்த நோய் வெளிப்பட்டது. அந்த மீனைத் தின்ற பல தாய்மாருக்கு நோய்க்குறி குறைவு; பிள்ளைகளுக்கோ பிறவியிலேயே மூளைப் பாதிப்பு. நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் என்றே மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். குடும்பங்கள் காயவைத்துப் பாதுகாத்த தொப்புள்கொடிகளில் பாதரசம் இருந்தது.

இங்கே, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது 2001இல். 591 தொழிலாளர்களுக்கு உடன்பாடு வந்தது 2016இல்.

பேறுகாலத் தாயைக் காப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்கவேண்டும் என்று 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். அதையே நாமும் கேட்போம்: மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயத்தையும் பாதரசத்தையும் அரசு சோதிக்கட்டும்.