புதுச்சேரியில் பார்த்த இரட்டை நட்சத்திரமும் சந்திரா தொலைநோக்கியும்

மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடியில் நின்று தெற்கே பாருங்கள். தொடுவானத்துக்குச் சற்று மேலே தென்சிலுவை தெரியும். அதற்கு இடப்பக்கத்தில் பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள். அவற்றில் இன்னும் இடப்பக்கமாக இருக்கும் பெரிய நட்சத்திரத்துக்கு ஆல்ஃபா சென்டாரி என்று பெயர். நம் கள்ளிக்குப்பத்தில் தெற்குப் பக்கம் முழுக்க அம்பத்தூர் விளக்கு வெளிச்சம். அதனால் கரண்ட் போன இரவாக இருந்தால் உத்தமம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் இதுதான். தூரம் சுமார் 4.4 ஒளியாண்டு.

வெறும் கண்ணுக்கு ஒரே நட்சத்திரம். உண்மையில் அவை இரண்டு. இதை முதலில் கண்டறிந்தது புதுச்சேரியில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் சயாமுக்கு அனுப்பப்பட்டவர். 1688இல் அங்கே ஆட்சி மாறி, பிரெஞ்சுக்காரர்களுக்கு இடமில்லாமல் போனதும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர், வழியில் இந்த நட்சத்திரத்தையும் பார்த்தார். ஒன்றை ஒட்டி இன்னொன்று இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டு ஆகிறது. அவர் பார்த்த பிறகு இதுவரை நான்கு சுற்றுக்கு மேல் முடிந்துவிட்டது.

புதுச்சேரிக்கு வந்த இன்னொரு பிரெஞ்சுக்காரருக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவர் பெயர் லெ ழாந்தி. (புதுச்சேரியில் பிரெஞ்சு எழுத்து ஒன்றுக்கு 'ழ' போட்டு எழுதுவது பழக்கம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.) ழாந்தி என்றால் நல்ல குணமுள்ளவர் என்று பொருள். அவருக்கு நேர்ந்ததையெல்லாம் படித்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். அவர் எழுதிய பயண நூலின் இரண்டு பாகங்கள் 1779, 1781ஆம் ஆண்டுகளில் பாரிஸில் வெளிவந்தன.

சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கரும்புள்ளி போலக் கடந்துபோகும் நேரத்தைப் பல ஊர்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அதற்காக 1760 மார்ச்சில் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. ஜூன் 6ஆம் தேதி நடுக்கடலில் நின்று பார்த்தார். ஆடுகிற கப்பலில் என்ன அளவு எடுக்க முடியும்? அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. சரி, இருந்து பார்த்துவிட்டே போகலாம் என்று இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கிவிட்டார்!

1768இல் புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டித் தந்தார்கள். பழைய பகையை மறந்து சென்னை ஆங்கிலேயர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கடன் கொடுத்தார்கள். காத்திருந்த நாட்களில் நம் ஊர் கணக்கர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையை லெ ழாந்தி கற்றுக்கொண்டார். மனப்பாடமான வாய்பாடுகளை வைத்து, சோழிகளை நகர்த்தி அந்தத் தமிழர் போட்ட கணக்கைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார். 1769 ஜூன் 4 காலை வந்தது. அதற்கு முந்தைய நாட்களெல்லாம் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று பார்த்து விடியுமுன் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்து, நாள் முழுக்கக் காய்ந்தது.

1771இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அகாதெமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. உறவினர்கள் சொத்தைப் பங்கு பிரிப்பதில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காகவே ஆண்டுதோறும் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போய்வரும் நம்மைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு அவர் பட்ட பாடு நன்றாகவே புரியும்.

மேகம் மட்டும்தான் தடை என்று நினைக்க வேண்டாம். மேகமே இல்லாத இரவிலும் காற்று அசைந்து நட்சத்திரத்தை மினுக்க வைக்கிறது; உருவம் கலங்குகிறது. எக்ஸ் கதிர்களைக் காற்று தரைக்கு விடுவதே இல்லை. நாம் உயிரோடிருக்க அது நல்லது, வானியலாருக்குத்தான் கஷ்டம். கருந்துளையிலிருந்து ஒளியே வெளிவராது. ஆனால் அதற்குள் விழப்போகும் வாயு, விழுமுன் பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ் கதிரை வீசுகிறது. அதைப் பார்க்கக் காற்றுக்கு மேலே போனால்தான் உண்டு. 1962 ஜூனில் ரிக்கார்தோ ஜக்கோனி குழுவினர் ஒரு ராக்கெட்டில் கருவியை வைத்து அனுப்பினார்கள். சில நிமிடங்களே மேலே இருந்த அந்தக் கருவி, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரை முதன்முதலாகக் கண்டது. ஜக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1976இலேயே முன்மொழிந்த தொலைநோக்கிதான் 1999 ஜூலை 23 அன்று விண்ணுக்குப் போன 'சந்திரா'.

பெயர் வைக்க அமெரிக்காவின் நாசா போட்டி நடத்தியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். தேர்வானது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் நம் மாநிலக் கல்லூரியிலும் படித்தவரின் பெயர். சுப்ரமணியன் சந்திரசேகரின் தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, சி.வி. ராமன் சிற்றப்பா. 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால், அது வெண்குறுமீனாக நிலைத்திருக்க முடியாது, மேலும் சுருங்கியே ஆக வேண்டும் என்பது விடை. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் சபையில் இதை அவர் படித்தார். அடுத்துப் பேசிய எடிங்டன், உலகப் புகழ் பெற்றவர், இப்படியெல்லாம் நடக்க இயற்கை விடாது என்று ஏளனம் செய்தார். கூடியிருந்த பெரியவர்களில் யாரும் எழுந்து அந்த இளைஞருக்காகப் பேசவில்லை. எடிங்டன் பெரிய அறிஞர், மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர் செய்தது அதிகாரம், விஞ்ஞானமில்லை என்பதே என் எண்ணம். சந்திரசேகர் பின்னர் அமெரிக்கா போய், வேறு துறைகளில் உழைத்தார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் பட்டுத் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். சின்ன வயதில் ஏரியில் ஓட்டாஞ்சில்லு விட்டிருப்பீர்கள். நேராகப் போட்டால் முழுகும். சாய்த்து விட்டால் தவளை மாதிரி தத்திப் போகும். அதே யுக்திதான். அடியில்லாத அடுக்குச் சம்படங்கள் போல நான்கு ஜோடிக் கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இரிடியம் பூசி, கதிர்கள் விளிம்போடு உரசிப்போய்க் குவியும்படி செய்திருக்கிறார்கள். நிலாவுக்குள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உயரே போய் வருகிறது சந்திரா.

2005 முதல் சந்திரா நம் ஆல்ஃபா சென்டாரியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து வருகிறது. நம் பார்வைக்கு அந்த இரண்டும் மிக நெருங்கி வந்த ஆண்டுகளில், எக்ஸ் கதிரில் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்ட சந்திராவால் மட்டுமே முடிந்தது. 1689இல் பாதிரியார் ரிஷோ செய்த அதே வேலை! 2018இல் முடிவைச் சொன்னார்கள். பெரிய நட்சத்திரத்தைச் சுற்றிக் கோள் இருந்தால், அதன்மேல் விழும் எக்ஸ் கதிர் நம் சூரியன் நமக்குத் தருவதைவிடக் குறைவு. சின்னதன் அருகில் சுமார் ஐந்து மடங்கு. மூன்றாவது உறவினரான பிராக்ஸிமாவின் அருகில் 500 மடங்கு. அங்கே உயிர் இருப்பது சிரமம்.

தூரத்துக்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். 2021 கிறிஸ்துமஸ் அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து புறப்பட்ட வெப் தொலைநோக்கி யுஎச்இசட்1 என்ற கேலக்ஸியைக் கண்டது. அதே இடத்தை சந்திரா பார்த்தபோது எக்ஸ் கதிர் வந்தது; உள்ளே ஒரு கருந்துளை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 47 கோடி ஆண்டு மட்டுமே ஆன காலத்து ஒளி அது. அந்தக் கருந்துளையின் எடை, கேலக்ஸியின் எல்லா நட்சத்திரங்களின் எடையை நெருங்குகிறது. ஆரம்பத்திலேயே பெரிதாகப் பிறந்த கருந்துளைகள் இருந்தால் இப்படித்தான் தெரியும் என்று முன்பே கணித்திருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். இந்த முறை யாரும் ஏளனம் செய்யவில்லை. 2023 நவம்பரில் வந்த அறிவிப்பில் அவரும் ஒருவர்.

நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து போகும் ராக்கெட்டின் புகையை நம் மாடியிலிருந்தே வடக்கே பார்க்கலாம். 930 கோடி ஒளியாண்டு தூரத்து கேலக்ஸி ஒன்றின் புற ஊதா ஒளியை அது பிடித்தது. 2020இல் வெளியான செய்தி. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கென்று அனுப்பிய சந்திரா இருபத்தைந்து ஆண்டைத் தாண்டி உழைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் அதற்கான ஒதுக்கீட்டை 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடியாகக் குறைக்கலாம் என்று நாசாவே பட்ஜெட்டில் எழுதியது. பல ஆண்டு பட்ஜெட் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அளவு வெட்டு என்றால் கடையை மூடு என்று அர்த்தம். உலகெங்கும் வானியலார்கள் எதிர்த்து மனு எழுதினார்கள். சந்திராவை நிறுத்தினால், எக்ஸ் கதிரில் அவ்வளவு துல்லியமாகப் பார்க்கும் வேறு தொலைநோக்கி இன்றைக்கு மேலே கிடையாது.