நீளும் கை - ஒரு வீடியோ கேம், ஒரு கார்ட்டூன் படம், நடுவில் ஓர் இந்தியர்

வீடியோ கேமை வைத்து சினிமா எடுத்தால் உருப்படாது என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் அது உண்மையும் கூட. அந்தப் பேச்சுக்கு விதிவிலக்காக ரசிகர்கள் இன்று வரை சொல்லும் படம் ஒன்று இருக்கிறது. 1994 ஆகஸ்ட் 6ம் தேதி ஜப்பானில் வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அனிமேஷன் படம்.

இந்தப் படத்தை நாம் பார்ப்பதற்கு சண்டையைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. அதில் ஓர் இந்தியர் வருகிறார். பெயர் தால்சிம். (இப்படி ஒரு பெயரை இந்தியாவில் எந்த ஊரில் வைக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது!) மொட்டைத் தலை, ஒட்டிய வயிறு, கழுத்தில் மண்டையோட்டு மாலை. அடிக்கும்போது கை ரப்பர் மாதிரி பத்தடி நீளும். வாயிலிருந்து தீ வரும். 90களில் உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்த "இந்தியர்" இவர்தான். காந்தியும் தெரியாது, நேருவும் தெரியாது, தால்சிம் தெரியும். அதனால் இவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் விளையாட்டு. கேப்காம் என்ற ஜப்பான் நிறுவனம் 1987ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்று காசு போட்டு ஆடும் மெஷின் ஒன்றை வெளியிட்டது. அது சுமாராகத்தான் ஓடியது. அதை உருவாக்கிய நிஷியாமாவும் மட்சுமோட்டோவும் போட்டி நிறுவனமான எஸ்.என்.கே.வுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் நிஷிதானி, யசுதா என்ற இரண்டு அகிராக்களும் (இரண்டு பேருக்கும் அதே பெயர்) சேர்ந்து 1991ல் கொண்டு வந்ததுதான் இரண்டாம் பாகம். எட்டு வீரர்கள், பெரும்பாலோருக்கும் தனித்தனி சண்டை முறை. ஜப்பானில் இருந்து சுமோ வீரர், சீனாவில் இருந்து குங்ஃபூ பெண், ரஷ்யாவில் இருந்து மல்யுத்தக்காரர், பிரேசிலில் இருந்து ஒரு பச்சை மிருகம், இந்தியாவில் இருந்து யோகி. பல நாடுகளில் இருந்து ஆட்கள் என்பது உணர்வு சார்ந்த முடிவு அல்ல. சுத்தமான வியாபாரம். எந்த நாட்டுக்காரன் காசு போட்டாலும் ஆட ஒரு ஆள் வேண்டுமே! 1992ல் வீட்டில் டி.வி.யில் இணைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோ கேசட்டாக வந்தபோது அது 60 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சரி, யோகிக்கு ஏன் கை நீள்கிறது?

இதற்குப் பலரும் சொல்லும் பதில் ஒரு தைவான் குங்ஃபூ படம். 1976ல் ஜிம்மி வாங் யூ இயக்கி நடித்த 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்'. அதில் ஒரு சண்டைப் போட்டி நடக்கும். பல நாட்டு வீரர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் இந்திய யோகி. சண்டையின் நடுவே அவர் கை அப்படியே நீண்டுகொண்டே போகும். நடித்தவர் இந்தியர் இல்லை, முகத்துக்குக் கறுப்பு மை பூசிய சீன நடிகர். படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் பதினைந்து வருடம் கழித்து ஜப்பானில் ஒரு மெஷினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, இந்தியாவைப் பார்த்து வரைந்த இந்தியர் அல்ல தால்சிம். தைவான்காரர் கற்பனை செய்த இந்தியரைப் பார்த்து ஜப்பான்காரர் வரைந்த இந்தியர்.

இருந்தாலும் நம் ஊர்க்காரருக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. அட்டமாசித்தி என்று நம் சித்தர் மரபில் எட்டு சக்திகள் சொல்லப்படுகின்றன. அணிமா என்றால் அணுவைப் போல் சிறுத்தல். மகிமா என்றால் மலையைப் போல் பெருத்தல். இலகிமா என்றால் காற்றைப் போல் லேசாதல். தால்சிம் ஜெயித்தால் பத்மாசனம் போட்டு அந்தரத்தில் மிதப்பார். அதைப் பார்த்தால் நம் பாட்டிகள் "இதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வித்தியாசம் என்னவென்றால், சித்தர் கதைகளில் சித்தி கிடைத்தவன் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. தால்சிமுக்கு அதைக் காட்டுவதுதான் பிழைப்பு.

விளையாட்டில் அவருக்கு ஒரு கதையும் கொடுத்தார்கள். தன் ஏழைக் கிராமத்துக்குப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கு வருகிறார். கழுத்தில் தொங்கும் மண்டையோடுகள் கொள்ளைநோயில் இறந்த அந்த ஊர்க் குழந்தைகளுடையவை. அடிப்பது அவருக்குப் பிடிக்காது, ஆனால் ஊருக்காக அடிக்கிறார். அவருடைய களத்தில் இரண்டு பக்கமும் யானைகள், பின்னால் பிள்ளையார் படம். இந்தியா என்றாலே யானை, சாமி, வறுமை என்ற மூன்றும் ஒரே திரையில்! கோபப்படவும் இடம் இருக்கிறது, சிரிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் ஊருக்காகப் போகிறவன் என்ற ஒன்றை மட்டும் குறை சொல்ல முடியாது. பாக் நீரிணைக் கரையில் ஜெகதாப்பட்டினம் மாதிரி ஒரு துறையில், விசைப்படகில் போனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருக்க, கரையில் ஊரே காத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் சட்டென்று புரியும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு நேர் வழியில் வரவில்லை. பழைய 8-பிட் பெட்டிகளின் நகல்கள்தான் இங்கே வீடுகளுக்கு வந்தன. அந்தப் பெட்டிக்கு கேப்காம் இரண்டாம் பாகத்தை வெளியிடவே இல்லை. ஆனாலும் கேசட் வந்தது. எல்லாம் கிழக்காசியாவில் யாரோ போட்ட திருட்டுக் கேசட்டுகள்! அவற்றில் பலவற்றில் எட்டு வீரர்களும் முழுசாக இருக்க மாட்டார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம்.

இயக்கியவர் கிசாபுரோ சுகீ. 1985ல் 'நைட் ஆன் தி கேலக்டிக் ரயில்ரோட்' என்ற மிக அமைதியான, சாவைப் பற்றிய அனிமேஷன் படத்தை எடுத்தவர். அப்படிப்பட்டவர் கையில் அடிதடிப் படத்தைக் கொடுத்தது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை. சண்டைகளுக்கு ஆலோசகர்களாக நிஜமான சண்டைக்காரர்களையே வைத்தார்கள். ஒருவர் கே-1 போட்டியைத் தொடங்கிய கசுயோஷி இஷீ, இன்னொருவர் சுவிட்சர்லாந்து கராத்தே வீரர் ஆன்டி ஹக். அதனால்தான் படத்தில் ஒரு உதை விழுந்தால் அதற்கு எடை இருக்கிறது. உதைப்பவனின் இடுப்பு திரும்புகிறது, வாங்குபவன் தடுமாறிக் கால் ஊன்றுகிறான். விளையாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் வரும் அடி, படத்தில் ஒரு உடம்பில் இருந்து வருகிறது.

தொடக்கமே அபாரம். இரவு, புல்வெளி, இடி மின்னல். ரியூ என்ற இளைஞனும் சகாத் என்ற தாய்லாந்து வீரனும் மோதுகிறார்கள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. சகாத்தின் மார்பு கிழிகிறது. அதன் பிறகு கதை: ஷாடலூ என்ற கும்பல் உலகில் உள்ள சிறந்த சண்டைக்காரர்களை எந்திர மனிதர்களைக் கொண்டு வேவு பார்க்கிறது. தலைவன் ரியூவைத் தேடுகிறான். ரியூ கிடைக்காததால் அவன் நண்பன் கென்னைப் பிடித்து மூளைச்சலவை செய்கிறான். (அந்தத் தலைவனுக்கு ஜப்பானில் வேகா என்று பெயர், வெளிநாடுகளில் பைசன். குத்துச்சண்டை வீரன் ஒருவனுக்கு மைக் டைசனை நினைவுபடுத்தும் விதமாக ஜப்பானில் எம்.பைசன் என்று வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் வழக்கு வரும் என்று பயந்து மூன்று வில்லன்களின் பெயரையும் இடம் மாற்றினார்கள். இன்று வரை குழப்பம் தீரவில்லை.)

தால்சிம் இதில் வருவது கல்கத்தாவில். பணம் கட்டி நடக்கும் தெருச்சண்டை. எதிரே சுமோ வீரர் ஹோண்டா. சுற்றிலும் கூட்டம். கை நீள்கிறது. நடுவே, கூட்டத்தில் நிற்கும் ரியூவிடம் ஏதோ ஒரு சக்தி இருப்பதை தால்சிம் உணர்கிறார். கவனம் சிதறுகிறது. அவ்வளவுதான், சில நிமிடம். ஆனால் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் ரியூ யார் என்று உணர்ந்த ஒரே ஆள் இவர்தான். வில்லன் அத்தனை எந்திரங்களை ஊர் ஊராக அனுப்பித் தேடியதை யோகி சும்மா நின்றபடியே கண்டுபிடித்துவிடுகிறார். படம் எடுத்தவர்கள் அவரை வெறும் வேடிக்கைப் பொருளாக வைக்கவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

சுகீ அதோடு விடவில்லை. அடுத்த வருடமே, 1995ல், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வி' என்று 29 வாரத் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். அதில் ரியூவும் கென்னும் இந்தியாவுக்கே வருகிறார்கள், தால்சிமைத் தேடி. 'ஹாடோ' என்ற உள்சக்தியைப் பற்றிக் கற்றுக்கொள்ள! காசுக்கு அடித்தவர் குருவாகிவிட்டார்.

இதே 1994 டிசம்பரில் ஹாலிவுட்டும் ஒரு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' எடுத்தது, நிஜ நடிகர்களை வைத்து. வான் டாம் கதாநாயகன். வில்லனாக நடித்த ராவுல் ஜூலியா படம் வரும் முன்பே, அக்டோபரில் இறந்துவிட்டார். அதில் தால்சிம் யார் தெரியுமா? ரோஷன் சேத். ஆட்டன்பரோவின் 'காந்தி'யில் நேருவாக நடித்தவர், தூர்தர்ஷனின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் நேரு. அப்படிப்பட்ட நடிகருக்குக் கொடுத்த வேலை என்ன? வில்லனிடம் மாட்டிக்கொண்ட விஞ்ஞானி. கை நீளாது, தீ வராது, யோகா இல்லை. கடைசியில் ஒரு நிஜ இந்தியர் அந்தப் பாத்திரத்தைச் செய்தார், ஆனால் பாத்திரமே இல்லாமல் போய்விட்டது. விமர்சகர்கள் கிழித்தார்கள். இருந்தும் சுமார் 3.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க கிட்டத்தட்ட 9.9 கோடி வசூலித்தது. கணக்குப் புத்தகத்தில் அது வெற்றி. ரசிகர்களிடம் கார்ட்டூன்தான் வெற்றி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

இன்னொரு வேடிக்கை, விளையாட்டில் இருந்து வந்த படம் திரும்ப விளையாட்டுக்குள் போனது. படத்தின் கடைசியில் ரியூவும் கென்னும் சேர்ந்து தலைவனை அடிப்பார்கள். 1995ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா'வில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை அடிக்கும் முறை அந்தக் காட்சியில் இருந்து வந்ததுதான். தமிழில் இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிப் பாதை. 2014ல் 'கோச்சடையான்' வந்தபோது படம் முதலில் உருவானது, செல்போன் விளையாட்டு அதை வைத்து வந்தது. விளையாட்டில் இருந்து படம் எடுக்க வேண்டுமானால் முதலில் உலகம் ஆடும் ஒரு விளையாட்டு இங்கே பிறக்க வேண்டும்.

தால்சிம் இன்னும் ஓய்வு பெறவில்லை. 2023ல் வந்த ஆறாம் பாகத்திலும் இருக்கிறார், இப்போது நீண்ட தாடியும் தலைப்பாகையுமாக. ஹாலிவுட் மறுபடியும் எடுக்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்துக்கு 2025ல் நடிகர்களை அறிவித்தார்கள். தால்சிமாக வித்யுத் ஜம்வால். ஆமாம், 2012ல் 'துப்பாக்கி'யில் விஜய்யோடு மோதிய அதே வில்லன்தான். சிறு வயதில் இருந்தே பாலக்காட்டில் களரிப்பயிற்று கற்றவர். மை பூசிய சீன நடிகர், பிக்சல் யோகி, மையில் வரைந்த யோகி, சண்டையே போடாத ரோஷன் சேத் என்று சுற்றி, இந்திய மண்ணின் சண்டைக்கலை ஒன்றை உண்மையிலேயே கற்ற ஒருவரிடம் அந்தப் பாத்திரம் வந்து சேர 34 வருடம் ஆகியிருக்கிறது.