நாலு என்னும் எல்லை

கதை எழுதிப் பிழைப்பவனுக்கு எண்களோடு அவ்வளவு சிநேகம் கிடையாது. ஆனாலும் ஓர் எண்ணின் சரித்திரம் என்னைக் கதையாகவே கவர்ந்துவிட்டது. அந்த எண் 4. ஐம்பது பிராயம் கடந்த ஆண்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் 'பி.எஸ்.ஏ.' என்ற வரியைத் தேடுகிறார்கள். எண் நாலுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே போனால் தூக்கம் போயிற்று.

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயை ரத்தத்தில் தேடும் முயற்சி பழையது. 1938-ல் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் கட்மன், எதெல் கட்மன் இருவரும், நோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற பொருள் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனை ஒடுக்கினால் அது குறைவதைக் கண்டார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் பரவிய பிறகு தெரிந்து என்ன பயன்?

1979-ல் பபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிலையத்தார் பி.எஸ்.ஏ. புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் அமெரிக்க அரசு அந்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது, நோயாளிகளைக் கண்காணிப்பதற்காக மட்டும். 1994-ல்தான் நோயைக் கண்டுபிடிக்கவும் அனுமதி கிடைத்தது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது எல்லையாக நிலைத்தது.

இங்கேதான் சிக்கல். இந்தப் புரதத்தைச் சுரப்பது புற்றுநோய் மட்டும் அல்ல, நலமான சுரப்பியும்தான். வயதில் அது வீங்கினாலும், கிருமி தாக்கினாலும் எண் ஏறும். 4-க்கும் 10-க்கும் இடையில் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். எல்லைக்கு இப்பாலும் அபயம் இல்லை. எண் 4-ஐத் தாண்டாத 2,950 பேருக்கு ஊசியால் சதை எடுத்துச் சோதித்த முடிவு 2004-ல் வெளிவந்தது. அவர்களில் 449 பேருக்கு நோய் இருந்தது!

அப்படியானால் பரிசோதனையே வீணா? அதுவும் இல்லை. 2009-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு இருபது குறைவதாகச் சொன்னது. ஆனால் ஓர் உயிரைக் காக்க மேற்கொண்டு 48 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கணக்கு குறைந்தது உண்மையே. என்றாலும், மெதுவாக வளர்ந்து ஒருநாளும் கொல்லாத கட்டிக்காகக் கத்தியை ஏற்று, சிறுநீரை அடக்கும் சக்தியையும் ஆண்மையையும் இழந்தவர்கள் உண்டு. இந்தச் சுரப்பியின் ஆன்டிஜனைப் பற்றி 1970-ல் எழுதிய ரிச்சர்ட் ஆப்ளினே, எல்லா ஆண்களையும் இப்படிச் சலிப்பதை 2010-ல் வன்மையாகக் கண்டித்தார்.

2012-ல் அமெரிக்க நிபுணர் குழு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. 2018-ல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் வைத்தியரோடு கலந்து தாமே முடிவு செய்யட்டும் என்றது. ஆகவே, எண் ஏறிவிட்டதென்று கத்திக்கு விரையவும் வேண்டாம். இறங்கியிருக்கிறதென்று தாளைக் கிழித்தெறியவும் வேண்டாம். சென்ற ஆண்டின் தாளையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.