வீழ்ந்தோரும் மன்னிப்பும்: கார்த்தேஜ் திருச்சபையின் தீர்வு (கி.பி. 250–252)

மனம் வருந்தும் பாவியை இறைவன் மன்னிப்பார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படை. அந்த மன்னிப்பைத் திருச்சபை எப்போது, யாருக்கு, எந்த விசாரணைக்குப் பின் அறிவிக்கலாம் என்ற கேள்வி மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் மிகக் கடுமையாக எழுந்தது. அங்குக் கண்ட தீர்வு, அவசர மன்னிப்பையும் நிரந்தர மறுப்பையும் ஒருங்கே தள்ளியது. பாவம் சபையையும் காயப்படுத்துகிறது, ஆகவே மனமாற்றமும் சபையின் நடுவே நிகழ வேண்டும் என்பதே அதன் அடித்தளம். குருவிடம் மட்டும் பாவத்தைச் சொல்லும் பிற்காலத் தனி அறிக்கை முறையில் இந்த அடித்தளம் பெருமளவு மறைந்துபோனது. அது ஓர் இழப்பே.

ரோமப் பேரரசர் தேசியு 249-இன் இறுதியிலோ 250-இன் தொடக்கத்திலோ ஓர் ஆணை பிறப்பித்தார். பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் உள்ளன. விண்ணப்பிப்பவர் தாம் எப்போதும் தெய்வங்களை வழிபட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் முன்னிலையில் மதுவை வார்த்து, பலியிட்டு, படையலைச் சுவைத்ததாகவும் எழுதுகிறார். நேரில் கண்டதாக அதிகாரிகள் கீழே கையொப்பமிடுகின்றனர். முதலைத் தெய்வத்தின் பூசாரியான ஒரு பெண் பெற்ற சான்றிதழும் இவற்றில் உண்டு. ஆணை கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிவைக்கவில்லை என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் ஒரே கடவுளை அறிக்கையிட்டவர்களுக்கு அது நேரடியான சோதனையாக அமைந்தது. ரோமை ஆயர் பபியான் 250 சனவரி 20 அன்று உயிர்நீத்தார்.

கார்த்தேஜில் பலர் மறுத்துச் சிறை சென்றனர். அவர்களைவிட மிகப் பலர் பணிந்தனர். தாமாகவே பொதுமன்றத்துக்கு ஓடி, பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் விடாமல் மன்றாடியவர்கள் இருந்ததாக ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதுகிறார். சிலர் பலியிட்டனர், சிலர் தூபம் மட்டும் இட்டனர், வேறு சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினர். இந்த மூவகையினரும் ‘வீழ்ந்தோர்’ எனப்பட்டனர்.

ஆனால் வகை பிரிப்பதோடு விவரம் முடிந்துவிடாது. போனா என்ற பெண்ணைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றான். கையைப் பிடித்துப் பலியிடவைத்தபோது, இதைச் செய்தவள் நான் அல்ல, நீங்களே என்று அவள் கூவினாள், அதற்காக நாடுகடத்தப்பட்டாள். மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவனே முன்சென்று பலியிட்டவனையும், குடும்பம் முழுவதையும் தன்னோடு இழுத்துச் சென்றவனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்று சிப்ரியான் பின்னாளில் ஒரு கடிதத்தில் வாதிட்டார். பாவத்தின் கனத்தை அளக்கச் செயலை மட்டும் பார்த்தால் போதாது; நோக்கம், வற்புறுத்தல், எதிர்த்து நின்ற காலம் அனைத்தையும் பார்க்க வேண்டும் என்ற தெளிவு இங்கே பிறக்கிறது.

வீழ்ந்தோரை எப்போது மீண்டும் சேர்ப்பது என்ற சிக்கலைக் கூர்மையாக்கியவை சிறையிலிருந்து வந்த சமாதானக் கடிதங்கள். நம்பிக்கைக்காகத் துன்புற்றவர்களின் பரிந்துரைக்கு இறைவன் செவிசாய்ப்பார் என்ற பழைய நம்பிக்கையின் பேரில் அவர்கள் வீழ்ந்தோருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தனர். இதை வெறும் மீறல் என்று தள்ளிவிட முடியாது. உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரக்கம் அது. துன்புறுத்தலின்போது மறைந்து வாழ்ந்த சிப்ரியானைவிட அவர்களுக்கே மக்களிடம் மதிப்பு மிகுதி. ஆயினும் பெயர் குறிப்பிடாமல், வீழ்ந்தோர் அனைவருக்கும் சமாதானம் என்று ஒரு கடிதம் வந்தபோது அதன் குறை வெளிப்பட்டது. ஆண்டவருக்கு எதிரான குற்றத்தை ஊழியன் தன் விருப்பப்படி மன்னித்துவிட முடியாது என்றார் சிப்ரியான். புண்ணைக் கழுவாமல் மூடினால் அது உள்ளே அழுகும் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம்.

251-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கார்த்தேஜில் ஆயர்கள் கூடி முடிவெடுத்தனர். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளப்படலாம். பலியிட்டவர்கள் நீண்ட காலம் தவம் மேற்கொள்ள வேண்டும். சாகும் தறுவாயில் அவர்களுக்கும் சமாதானம் மறுக்கப்படாது. இந்தத் தவம் ஊரறிய நடந்தது: நோன்பு, சாக்கு உடை, சாம்பல், கண்ணீர், சபையார் முன் அறிக்கை, இறுதியில் ஆயரும் குருக்களும் தலைமேல் கை வைத்தல். அதன்பிறகே நற்கருணை. 252-இல் புதிய துன்புறுத்தல் நெருங்குவதாக அஞ்சியபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவருக்கும் ஆயர்கள் சமாதானம் வழங்கினர். போராட்டத்துக்கு அனுப்பும் மக்களை நற்கருணை என்னும் கவசமின்றி அனுப்பலாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒழுங்கை மனிதர் பொருட்டுத் தளர்த்தத் தெரிந்த முதிர்ச்சி இது.

ரோமையில் நோவாசியான் எதிர்த் திசையில் நின்றார். 251-இல் ஆயர் கொர்னேலியுவுக்குப் போட்டியாகத் தாமும் ஆயரானார். வீழ்ந்தோர் மனம் வருந்தட்டும், இறைவன் மன்னிப்பதும் மன்னியாததும் அவர் விருப்பம், திருச்சபை அவர்களை மீண்டும் சேர்க்கலாகாது என்பது அவர் நிலை. தூய்மை மீதான அக்கறை உண்மையானதே. ஆனால் கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவரை மன்னித்துத் தேற்றுமாறு பவுல் கேட்டுக்கொண்ட பிறகு (2 கொரிந்தியர் 2), அந்த நிலைக்குப் புதிய ஏற்பாட்டில் உறுதியான இடம் இல்லை. 325-இல் நைசேயா பொதுச்சங்கம் இந்தப் பிரிவினர் திரும்பி வருவதற்கான விதிகளை வகுத்தது. தவமிருப்போரோடு உறவுகொள்ள இசைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஊரறியத் தவம் வாழ்வில் ஒருமுறைதான் என்ற கடுமையால், பலர் அதைச் சாவு நெருங்கும்வரை தள்ளிப்போட்டனர். அயர்லாந்துத் துறவிகள் பரப்பிய, மீண்டும் மீண்டும் செய்யக்கூடிய தனி அறிக்கை முறை இதனால் எளிதில் வேரூன்றியது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்யுமாறு பணித்து, கேட்கும் குரு இரகசியம் காக்கக் கட்டளையிட்டது. இந்த முறை தமிழுக்கும் வந்தது: முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக்கே அன்றிக்கசு அடிகளாரின் தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூலான ‘கொம்பெசியோனாயரு’ 1580-இல் கொச்சியில் அச்சேறியது. தனி அறிக்கை மனச்சான்றுக்குப் பாதுகாப்பு தந்தது; பாவியை ஊரார் பழியிலிருந்து காத்தது. ஆனால் காயப்பட்ட சபை காட்சியிலிருந்து விலகிவிட்டது.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒப்புரவு பெறுவோர் தாங்கள் காயப்படுத்திய திருச்சபையோடும் ஒப்புரவாகின்றனர் என்று அறிவித்தது. 1973-இன் புதிய சடங்குமுறை, பலர் கூடி இறைவார்த்தை கேட்டு, பின் தனித்தனியே அறிக்கையிடும் பொது ஒப்புரவு வழிபாட்டுக்கும் இடமளித்தது. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் மட்டும் நினைவுக்கு வரும் இந்த வழிபாட்டைப் பங்குகள் ஆண்டு முழுவதும் நடத்த வேண்டும்.