கப்பலுக்கும் தேய்மானம் உண்டு



லோடு ஆட்டோ ஓட்டும் பழைய மாணவர் ஒருவர், "டீசல் போக மிச்சமெல்லாம் லாபம்தானே சார்?" என்றார். இல்லையப்பா. 5 லட்சத்துக்கு வாங்கிய வண்டி 10 வருஷம் ஓடி 1 லட்சத்துக்கு விலைபோனால், வருஷத்துக்கு 40,000 ரூபாய் சத்தமில்லாமல் கரைகிறது. கணக்கில் அதற்குப் பெயர் தேய்மானம். வாடகையில் அதையும் சேர்த்து வாங்காவிட்டால், நாம் தின்பது வண்டியைத்தான்.

நம் நெல்லைச் சீமையில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. உடனே தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை வெள்ளைக்காரக் கம்பெனி குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் பல கடல்களில் கப்பல் ஓடியது. இங்கே விழும் தேய்மானத்தை வேறு தடத்து வருமானம் தாங்கும். சுதேசிக் கம்பெனிக்கு அந்த வசதி ஏது? ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கத்தானே செய்யும்!

தேய்மானம் மட்டுமே கம்பெனியைச் சாய்த்தது என்று நான் சொல்லமாட்டேன். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததுதான் பேரிடி. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது. 1912 கடைசியில் அவர் விடுதலையாகி வந்தபோது, கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.